ஈய எழுத்தும் இளைஞர் கையும்

தலையெழுத்து என்ற ஒன்றை நம்பியே தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிந்த நாடு இது. எவனோ எழுதினானாம், எவரும் படிக்க முடியாதாம், எவராலும் மாற்றவும் முடியாதாம்! அந்த எழுத்தைக் கண்டவர் ஒருவரும் இல்லை. இன்னோர் எழுத்து உண்டு. அதைக் கண்ணால் காணலாம், கையால் தொடலாம், தராசில் நிறுக்கலாம். பிழையென்று தெரிந்தால் ஊசியால் நெம்பி எடுத்தெறிந்துவிட்டு வேறொன்றை அதே இடத்தில் நிறுத்தலாம். காரீயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து வார்த்த அச்செழுத்து அது. ஏட்டைத் தொடவும் உரிமையற்றிருந்தவர் வீட்டுத் திண்ணைக்கு நூலைக் கொண்டுவந்து சேர்த்தது இந்த எழுத்துத்தான்.

அந்த ஈய எழுத்து இன்று பெரும்பாலான அச்சகங்களில் இல்லை. 1980களிலும் 1990களிலும் ஆஃப்செட் பொறியும் கணிப்பொறியும் வந்தன. அச்செழுத்துகள் எடைக்குப் போயின. வந்ததைக் குறை சொல்ல நாம் எழுத வரவில்லை. பதினாறு பக்க ஏட்டை நான்கு பேர் நான்கு நாள் நின்று கோத்த காலம் மீண்டும் வரவேண்டும் என்று விரும்புகிறவன், அந்த நால்வரில் ஒருவனாக நின்றிருக்க மாட்டான்! நாம் எடுத்துக்கொண்ட வழக்கு வேறு. வடிவமைப்பைக் கல்லூரிப் பாடமாகப் பயிலும் மாணவனுக்கு, மாணவிக்கு, கையால் எழுத்துக் கோத்து, மை தடவி, தாளில் பதிக்கும் பயிற்சி வேண்டும் என்று சிலர் சொல்கின்றனர். பழம்பொருள் மோகம் என்று சிலர் நகைக்கின்றனர். இரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு. வேண்டும் என்போர் பலர் ஏன் வேண்டும் என்பதைத் தவறாகச் சொல்கின்றனர். வேண்டாம் என்போர் அது என்னவென்றே அறியாமல் சொல்கின்றனர்.

முதலில் அது என்னவென்று பார்ப்போம்.

மாணவன் ஒருவனிடம் ஸ்டிக் என்று அச்சகத்தார் அழைக்கும் சிறிய இரும்புத் தட்டைக் கொடுத்து, எழுத்துப் பெட்டியின் முன் நிறுத்துங்கள். ‘கொள்கை’ என்ற சொல்லைக் கோக்கச் சொல்லுங்கள். கணிப்பொறியில் அவன் ஆயிரம் முறை அடித்த சொல்தான். முதலில் ககரத்தைத் தேடுவான். தவறு! முதலில் எடுக்க வேண்டியது கொம்பு, அடுத்துக் ககரம், பிறகு கால், பிறகு புள்ளி வைத்த ளகரம், மறுபடி இரட்டைச் சுழிக் கொம்பு, மறுபடி ககரம். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஆறு அச்சுகள். திரையில் அடிக்கும்போது மெய்யை முன்னே கொடுத்து உயிர்க்குறியைப் பின்னே கொடுக்கிறான். கொம்பு தானே ஓடிப்போய் எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. பொறி அதை எடுத்து வைப்பதால், தமிழில் ஓசையின் வரிசை வேறு, உருவத்தின் வரிசை வேறு என்ற உண்மையை எண்ணிப்பார்க்க அவனுக்கு வேளையே வருவதில்லை. ஈய எழுத்து அந்த வேலையை அவன் விரலிடம் ஒப்படைக்கிறது. விரல் அறிந்ததை மூளை மறுக்க முடியாது.

கோக்கும்போது எழுத்துகள் தலைகீழாக நிற்கும். இடமிருந்து வலமாகவே வரும். கம்பாசிட்டர் என்று அச்சகத்தில் அழைக்கப்பட்ட அச்சுக்கோப்பாளர், அந்தத் தலைகீழ் வரியை நாம் நாளிதழ் படிப்பதுபோலப் படித்தார். தலைகீழாகப் பார்க்கும்போது சொல்லின் பொருள் சற்று விலகி நிற்கிறது. உருவம் மட்டும் கண்ணில் படுகிறது. எந்த எழுத்து பருத்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது, எவ்விரண்டின் நடுவே வெள்ளை கூடிவிட்டது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிகிறது. உருவத்தை உருவமாகப் பார்க்கக் கற்பிப்பதுதானே வடிவமைப்புக் கல்வியின் முதற்பாடம்? அந்தப் பாடத்தை அச்சுப்பெட்டி அறுபது விரிவுரைகள் இல்லாமலே நடத்தி முடிக்கிறது.

அடுத்து வெள்ளை. திரையில் இடைவெளி என்பது ஒன்றுமில்லாத இடம். அச்சுக்கூடத்தில் இடைவெளி ஒரு பொருள். எடையுள்ள உலோகத் துண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு துண்டு, வரிக்கும் வரிக்கும் நடுவே லெட் என்னும் ஈயப் பட்டை, பக்கத்தைச் சுற்றிக் கட்டைகள். எழுத்து எவ்வளவு இடம் கொள்கிறதோ அவ்வளவு உழைப்பை வெற்றிடமும் கேட்கிறது. தமிழ்ச் சொற்களோ நீண்டவை. புணர்ந்து புணர்ந்து மேலும் நீள்பவை. குறுகிய பத்தியில் அவற்றை இருபுறமும் ஓரம் ஒத்து நிறுத்துவது ஒரு போர். ஆங்கிலத்தில் சிறுகோடு போட்டுச் சொல்லை ஒடிப்பார்கள். தமிழ் அச்சில் கோடு போடாமலே எழுத்தெல்லையில் ஒடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆனால் கொம்பை வரியின் கடைசியில் தனியே தொங்கவிட்டு, அதன் எழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளக்கூடாது. இந்த நெறியை நல்ல அச்சுக்கோப்பாளர் ஒவ்வொருவரும் கைப்பழக்கமாக வைத்திருந்தார். இன்று திரையில் வரும் தமிழில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடமாய்ச் சிதறிக் கிடப்பதை எத்தனை பெயர்ப்பலகைகளில், எத்தனை விளம்பரங்களில் காண்கிறோம்! கையால் கோத்தவன் கண்ணுக்கு அது பல்லில் கல்லாய்ப் படும். கோக்காதவனுக்கு அது பிழையென்றே தோன்றாது.

இடையே ஒரு வேடிக்கை. ஊர்ப்பெயரைக் கோத்துப் பார்ப்போம். ‘ஸ்ரீரங்கம்’ என்றால் ஐந்து அச்சுகள். முன்னொட்டு முழுவதும் ஒரே அச்சாக வார்க்கப்பட்டு வந்தது. ‘திருவரங்கம்’ என்றால் ஏழு. வடமொழி மரியாதைக்குத் தனியே ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது எழுத்துப் பெட்டியில்! இரண்டு அச்சு கூடுதலாகச் செலவானாலும் நாம் திருவரங்கம் என்றே கோப்போம்.

எழுத்துப் பெட்டியை எண்ணிப் பார்த்தவர்தாம் தமிழெழுத்தைத் திருத்தினார். இதை வடிவமைப்பு மாணவர் எத்தனை பேர் அறிவர்? ஆங்கில அச்சுக்குப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, ஆக 52 அறைகளும் எண்ணும் குறியும் போதும். தமிழுக்கு? மெய் 18, அகரமேறியவை 18, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறியவை ஒவ்வொன்றிலும் 18. ஆக 108. உயிரெழுத்துகளும் ஆய்தமும் காலும் கொம்புகளும் சேர்ந்தால் 120ஐத் தாண்டும். அதன்மேல் கிரந்த எழுத்து, எண், குறி. இவ்வளவுக்கும் மேலே, ஒழுங்குக்குக் கட்டுப்படாத சில பழைய உருவங்கள்: துதிக்கை தூக்கிய ணை, லை, ளை, னை, அடியில் சுழித்துக்கொண்ட றா, ணா, னா, இவற்றையே கொம்போடு கூட்டிய றொ, றோ, ணொ, ணோ, னொ, னோ. ஆகப் பதின்மூன்று.

ஈரோட்டிலிருந்து ஏடு நடத்திய பெரியாருக்கு இந்தப் பதின்மூன்றும் இலக்கணச் சிக்கலாகப் படவில்லை. வேலைச் சிக்கலாகப் பட்டன. அச்சுக்கோப்பவர் தேட வேண்டிய அறைகள், வார்க்க வேண்டிய அச்சுகள், படிக்கத் தொடங்கும் குழந்தை விதிவிலக்காக மனப்பாடம் செய்ய வேண்டிய உருவங்கள் என்றுதான் அவர் பார்த்தார். 1935 சனவரியில் ‘குடி அரசு’ திருந்திய எழுத்தில் வரத் தொடங்கியது. எந்தப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் அதற்கு முன் பெறப்படவில்லை. பெட்டியிலிருந்து சில அச்சுகள் வெளியேறின, அவ்வளவே! 43 ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபரில், தமிழ்நாட்டரசு அதை ஆணையாக்கியது. இன்று பள்ளிப்பிள்ளை எழுதும் ‘லை’யும் ‘னா’வும் அந்த அச்சுக்கூடத்திலிருந்து வந்தவை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கையால் கோத்தவனுக்கே அது தட்டுப்படும். நெடுங்கணக்கில் திருந்தியவை பதின்மூன்று எழுத்துகள். பெட்டியில் குறைந்த உருவங்களோ ஏழு: நான்கு ஐகாரமும் மூன்று ஆகாரமும். மற்ற ஆறும் அந்த மூன்று ஆகார உருவங்களின் முன்னால் கொம்பு வைத்தே கோக்கப்பட்டவை. மூன்று மாறினால் ஆறும் தாமே மாறிவிடும். குறைந்த மாற்றத்தில் நிறைந்த பயன்! வடிவமைப்பு நூல்கள் பெரிய சொற்களால் சொல்லும் சிக்கனம் இதுதான். ஈரோட்டு அச்சுக்கூடம் இதைத் தமிழில் செய்து காட்டியிருக்கிறது. நம் கல்லூரிகளில் வடிவமைப்பு வரலாறு சொல்லும் ஆசிரியர், செருமானிய நகரங்களின் பெயரைச் சொல்லும்போது ஈரோட்டின் பெயரையும் சொல்லட்டும். பாடம் கனக்குமேயன்றிக் குறையாது.

எழுத்து வானத்திலிருந்து விழுந்ததன்று என்பதற்குத் தமிழ் அச்சின் வரலாறே சான்று. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாடு வீரமாமுனிவரின் திருத்தம் என்பர். அவருக்குச் சற்றுமுன், 1713இல், செருமனியின் ஆலே நகரில் வெட்டி வார்த்த தமிழெழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. தமிழ் அறியாத கைகள், அனுப்பப்பட்ட எழுத்துப்படிகளைப் பார்த்து வெட்டிய எழுத்துகள், மிகப் பெரியவை. தாளோ கிடைத்தற்கரியது. பெரிய எழுத்தில் அச்சிட்டால் வேதநூல் வண்டிச்சுமையாகும். எனவே சீகன்பால்குவின் அச்சகத்தில் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. அருகே பொறையாற்றில் தாள் ஆலையும் எழுந்தது. எழுத்தின் அளவு என்பது அழகைப் பற்றிய கருத்து மட்டுமன்று. தாளின் விலை, வாங்குபவனின் காசு, தூக்குபவனின் தோள் ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கியுள்ளன. திரையில் ஓர் எண்ணை மாற்றினால் எழுத்து பெருக்கும், சிறுக்கும். செலவு கண்ணுக்குத் தெரியாது. 12 பாயிண்டில் கோத்த பக்கத்தை 10 பாயிண்டில் மறுபடி கோக்க வேண்டிவந்த மாணவன் அளவைத் தேர்வதற்குமுன் இருமுறை எண்ணுவான்.

இனித் திருவரங்கத்துக்கு வருவோம். காவிரியும் கொள்ளிடமும் அணைத்த அந்தத் தீவில் இருந்த ஸ்ரீ வாணி விலாஸ் அச்சுக்கூடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடறிந்த ஒன்று. டி. கே. பாலசுப்பிரமணிய ஐயர் நடத்திய அக்கூடம் 1910இல் சங்கரரின் நூல்களை இருபது தொகுதிகளாக நாகரி எழுத்தில் வெளியிட்டது. அந்நூல்களின் கொள்கை நம் கொள்கையன்று. உலகம் மாயை என்ற வாதத்தை உலகில் உள்ள ஈயத்தையும் தாளையும் மையையும் கொண்டுதான் பரப்ப வேண்டியிருந்தது என்பதை எண்ணிச் சிரித்துக்கொள்கிறோம். ஆயினும் கலை ஆய்வு என்று வந்தபின் கொள்கையைக் கொண்டு கைவேலையைக் குறைத்து மதிப்பது நேர்மையாகாது.

நாகரி எழுத்தைக் கையால் கோப்பது எளிய செயலன்று. எழுத்துகளின் தலைமேல் ஓடும் கோடு ஒவ்வோர் அச்சிலும் துண்டு துண்டாக இருக்கும். அடுத்தடுத்து நிறுத்தும்போது அத்துண்டுகள் முனை பொருந்தி ஒரே கோடாக வேண்டும். ஓர் அச்சு தேய்ந்திருந்தாலும், கட்டு சற்றே தளர்ந்திருந்தாலும் கோடு பல்லிளிக்கும். கூட்டெழுத்துகளோ நூற்றுக்கணக்கில். இத்தகைய கோப்பில் இருபது தொகுதிகளை ஒரு சிற்றூர் அச்சுக்கூடம் கொண்டுவந்தது என்றால், அங்கே நின்ற கைகள் எத்தகைய கைகள்! தொகுதிகளின் பெருமை பேசப்பட்டது. ஆசிரியர் பெருமை, மடத்தின் பெருமை, வெளியிட்டவர் பெருமை எல்லாம் பேசப்பட்டன. எழுத்துக் கோத்தவர் யார்? நூற்பட்டியல்களில் அவருக்கு இடமில்லை. இது அந்த அச்சுக்கூடத்தின் மீது நாம் சுமத்தும் குற்றமன்று. அன்றைய அச்சுலகம் முழுவதன் வழக்கம். தமிழ்ப்பற்று மிக்க பதிப்புகளும் சீர்திருத்த ஏடுகளும் இதற்கு விலக்கல்ல. தொழிலாளியின் உரிமை பற்றி எழுதிய தலையங்கத்தைக் கோத்த தொழிலாளியின் பெயரை எந்த ஏடு அச்சிட்டது?

ஆற்றைக் கடந்து திருச்சிக்கு வந்தால் இன்னொரு வகை அச்சுக்கூடத்தைக் காண்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான கிறித்தவ நூல்கள் பலவற்றில், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் தொழிற்பள்ளி அச்சுக்கூடம் என்ற பெயர் பொறித்திருக்கும். பள்ளி, தொழில், அச்சுக்கூடம் ஆகிய மூன்று சொற்களும் ஒரே பெயரில் இணைந்திருப்பதைக் கவனியுங்கள். கல்விக்கூடத்துக்குள் அச்சுப்பொறியை நிறுத்துவது நேற்று மேனாட்டிலிருந்து இறக்குமதியான புதுமையன்று. நம் திருச்சியே அறிந்த பழைய செய்தி. ஆனால் அந்தத் தொழிற்பள்ளி ஏழைப் பிள்ளைக்குப் பிழைப்புத் தேட எழுந்தது. இன்றைய வடிவமைப்புக் கல்லூரி வசதியுள்ள பிள்ளையின் கற்பனையை வளர்க்க எழுந்தது. ஒன்றில் கை மட்டும் போதும் என்றனர். மற்றொன்றில் கருத்து மட்டும் போதும் என்கின்றனர். நமக்கு இரண்டும் ஒரே ஆளிடம் வேண்டும்.

இங்கேதான் நம் தோழர்கள் சிலர் எழுப்பும் ஐயத்துக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. கைத்தொழிலைக் கல்வியில் புகுத்துவதை நாம் எதிர்த்தவர்கள் அல்லவா என்று கேட்கின்றனர். நல்ல கேள்வி, மழுப்பக் கூடாத கேள்வி. 1953இல், சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசகோபாலாச்சாரியார் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நாளில் ஒரு பாதி பள்ளி. மறுபாதி வீட்டில் பெற்றோர் செய்யும் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதற்குப் பெயர் சூட்டியது, நாடே எதிர்த்தது. 1954இல் அவர் பதவி விலக, காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது.

அந்தத் திட்டத்தில் நாம் வெறுத்தது கையையா? உழைப்பையா? இல்லை! அப்பன் கை எங்கே இருந்ததோ அங்கேயே மகன் கையும் இருக்கட்டும் என்ற கட்டளையை வெறுத்தோம். சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்கும், குயவர் மகன் சக்கரத்துக்கும் போகும் அந்த நேரத்தில், அலுவலர் மகன் எந்தத் தொழிலுக்குப் போவான் என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் விடையே இல்லை. பிறப்பு வகுத்த வேலையைப் பள்ளிமணி கொண்டு உறுதிசெய்தது அது. கல்லூரி அச்சுக்கூடமோ யார் பிள்ளையென்று கேட்காமல் எல்லார் விரலிலும் மையைப் பூசுகிறது. வேதியர் வீட்டுப் பிள்ளையும் தோல் பதனிடுபவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெட்டியின் இருபுறம் நின்று ஒரே ககரத்துக்குக் கை நீட்டட்டும். அது குலக்கல்விக்கு நேர்மாறு.

இன்னும் ஒன்று சொல்வோம். அச்சுக்கோத்தல் எந்தச் சாதியின் குலத்தொழிலும் அன்று. வருணம் வகுத்த ஏடுகள் எழுதப்பட்டபோது அந்தத் தொழிலே பிறக்கவில்லை. ஆகவே எவருக்கும் ஒதுக்கவும், எவருக்கும் விலக்கவும் அவர்களால் முடியாமற் போயிற்று! இந்த நாட்டில் எழுத்தறிந்தவன் கருவியைத் தொடவில்லை. கருவி தொட்டவனுக்கு எழுத்தைக் காட்டவில்லை. ஏட்டையும் கருவியையும் ஒரே கையில் சேர்த்துக் கொடுத்த தொழில்களுள் முன்னணியில் நிற்பது அச்சுக்கோத்தல். படிக்கத் தெரியாமல் அதைச் செய்ய முடியாது. கை கறுக்காமலும் செய்ய முடியாது. வடிவமைப்புக் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் வேறு என்ன இருக்கிறது?

அமெரிக்கப் பாவலர் வால்ட் விட்மன் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். 1855இல் வெளியான தம் முதற் கவிதைத் தொகுதியின் சில பக்கங்களைத் தாமே கோத்தார். தம் வரி எவ்வளவு நீளும், தாள் எவ்வளவு தாங்கும் என்று அறிந்த கை அவருடையது. பெஞ்சமின் பிராங்க்ளின் அச்சுத்தொழிலாளியாகவே வாழ்வைத் தொடங்கினார். எழுதுகிறவனும் கோக்கிறவனும் ஒருவனாகவே இருக்கலாம் என்பதற்காகவே இவர்கள் பெயரைச் சொல்கிறோம்.

இனி, ஈய எழுத்தில் மயங்கி நிற்போரிடம் சில சொல்.

பெருநகரங்களில் இன்று பழைய டிரெடில் பொறியில் தடித்த தாளை வைத்து, ஆழமாக அழுத்தி, திருமண அழைப்பிதழ் அடித்துப் பெரும் விலைக்கு விற்கின்றனர். பள்ளம் விழ அழுத்துவதே இப்போது அழகாம்! பழைய அச்சுத்தொழிலாளி பள்ளம் விழாமல் அழுத்துவதையே திறமையாகக் கருதினார். தாளின் மறுபுறம் தடம் தெரிந்தால் முதலாளியிடம் வசை கேட்டார். எழுத்தும் விரைவில் தேய்ந்தது. அவருடைய தவறு இன்று செல்வரின் சுவையாகிவிட்டது. வாங்குவோர் வாங்கட்டும், ஆனால் அதைக் கல்வி என்று அழைக்க வேண்டாம்.

அந்தத் தொழிலின் துன்பத்தையும் மறைக்கக் கூடாது. நாள் முழுவதும் நிற்கும் கால், மங்கிய விளக்கில் மங்கிய கண், ஈயத் தூசு படிந்த விரலோடு உண்ட சோறு, அற்பக் கூலி. காரீயம் உடலுக்குக் கேடு என்பதை இன்று எல்லாரும் அறிவோம். கல்லூரியில் அச்சுப்பெட்டி வைத்தால், காற்றோட்டமும் கைகழுவும் தொட்டியும் முதலில் வரட்டும். அச்சறைக்குள் உண்ணக்கூடாது என்ற விதி வரட்டும். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கப் பழக்கட்டும். இவற்றைச் சொல்லிக்கொடுக்கும்போது, இவை ஒன்றும் இல்லாமல் முப்பது நாற்பது ஆண்டு வேலை செய்தவர்கள் இருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மற்றொன்று மொழி பற்றியது. ஆங்கில எழுத்துப் பெட்டி இரண்டை வாங்கி வைத்துக்கொண்டு, மாணவனின் பெயரை ஆங்கிலத்தில் கோக்கச் சொல்லி, அட்டையில் அடித்துச் சுவரில் மாட்டினால் பயிற்சி முடிந்தது என்று எந்தக் கல்லூரியும் கருதக்கூடாது. மேலே சொன்ன கொம்பின் பாடமும் காலின் பாடமும் நீண்ட சொல்லின் பாடமும் ஆங்கில எழுத்தில் கிடையா. தமிழ் அச்சு கிடைக்கவில்லையே என்பார்கள். பழைய அச்சகங்களின் மூலையில் தூசு படிந்து கிடப்பவை இன்னும் இருக்கக்கூடும். இரும்புக் கடைக்காரர் நிறுத்துக் கொடுக்கும் விலைக்குமேல் ஒரு கல்லூரியால் கொடுக்க முடியாதா? அதுவும் இல்லையேல் மரம் இருக்கிறது. கூட்ட அறிவிப்புச் சுவரொட்டிகளுக்குப் பெரிய தமிழெழுத்துகளை மரத்தில் வெட்டித்தானே அடித்தோம்! மாணவர் கையாலேயே முப்பது எழுத்தை மரத்தில் வெட்டச் செய்தால், ழகரத்தின் அடிச்சுழியும் ஞகரத்தின் வளைவும் அவர்களுக்கு ஆயுளுக்கும் மறவா.

பயிற்சியில் எதைச் சுருக்கினாலும் பிரித்துப் போடும் வேலையைச் சுருக்கக் கூடாது. அச்சடித்து முடிந்தபின் பாரத்தைக் கழுவி, கட்டவிழ்த்து, ஒவ்வோர் அச்சையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். மாணவர்க்குச் சலிப்பூட்டும் வேலை. ஆசிரியர்கள் பணியாளரிடம் தள்ளிவிட விரும்பும் வேலை. ஆனால் எந்த எழுத்து எத்தனை முறை வந்தது, தமிழ் வரியில் எது மிகுதி, எது அரிது என்பதெல்லாம் அப்போதுதான் கையில் ஏறுகிறது. காலையில் பாசுரத்தில் நின்ற அதே ககரம் மாலையில் பகுத்தறிவுக் கட்டுரையில் நிற்கும். எழுத்துக்குத் தீட்டும் இல்லை, புனிதமும் இல்லை என்பதைப் பிரித்துப் போடுகிறவன் அறிந்த அளவு வேறெவர் அறிவார்?

கடைசியாக, கற்பிப்பவர் யார்? வழக்கின் உயிர்நிலை இதுதான். 1919இல் வைமார் நகரில் தோன்றிய பௌஹவுஸ் பள்ளி, பட்டறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆசான்களை வைத்தது: வடிவம் கற்பிக்கும் ஓவியர் ஒருவர், தொழில் கற்பிக்கும் கைவினைஞர் ஒருவர். உலகம் போற்றும் அந்தப் பள்ளியிலும் கைவினை ஆசானுக்கு ஓவிய ஆசானோடு ஒத்த இடம் கிடைக்கவில்லை. ஓவியர் பெயர்களை உலகம் அறியும்; மற்றவர் பெயரைத் தேட வேண்டும். இங்கோ நிலைமை இன்னும் மோசம். 1958இல் ஈம்சு இணையர் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கை, பெயரறியாத பல தலைமுறைக் கைகள் உருவாக்கிய செம்பை வடிவமைப்பின் உச்சமென்று பாராட்டியது. அதன் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் எழுந்தது. செம்பைப் பாராட்டுவது எளிது. செம்பு செய்பவரைப் பேராசிரியர் நாற்காலியில் அமர்த்துவதுதான் அரிது!

முதுமையடைந்த அச்சுக்கோப்பாளர்கள் நம் நகரங்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். பட்டம் இல்லை, பலருக்குப் பள்ளியிறுதியும் இல்லை. அவர்களை ஒரு பிற்பகல் அழைத்து, பொன்னாடை போர்த்தி, நிழற்படம் எடுத்து அனுப்பிவிடுவது மரியாதை அன்று. பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் ஒரு நெறி வெளியிட்டது: துறையில் குறைந்தது 15 ஆண்டு தேர்ச்சியுடையவரை, பட்டம் இல்லாவிடினும், நடைமுறைப் பேராசிரியராக அமர்த்தலாம், அத்தகைய பணியிடங்கள் மொத்தத்தில் நூற்றுக்குப் பத்து வரை இருக்கலாம். நல்ல நெறி. ஆனால் அந்தத் தேர்ச்சி உயர்பொறுப்பில் பெற்றதாக இருப்பது விரும்பத்தக்கது என்ற பொருளில் ஒரு சொல்லும் அதில் உண்டு. நிறுவனத் தலைவர்க்கும் மேலாளர்க்கும் அந்தக் கதவு எளிதில் திறக்கும். எழுத்துப் பெட்டியின் முன் நாற்பது ஆண்டு நின்றவரின் பொறுப்பு உயர்ந்ததா, தாழ்ந்ததா? அவர் மேற்பார்த்த ஆட்கள் எத்தனை என்று படிவம் கேட்கும். அவர் விரலிடையே போய்வந்த எழுத்துகள் எத்தனை என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இருக்குமா? திருச்சியில், சென்னையில், கோவையில் வடிவமைப்பு கற்பிக்கும் கல்லூரிகளை நடத்துவோர் இந்த ஆண்டே இதற்கு விடை சொல்லட்டும். அந்த முதியவர்களின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.